பேக்கரிக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி: என் மூத்த மகனுக்கு 17 வயது. டவுன் சின்ட்ரோம். ஊர்ப் பாடசாலையில் விசேட கல்வி அலகில் படிக்கிறான். இந்த வருடத்தோடு பாடசாலை முடிகிறது. எழுத்து ஓடாது, பத்து வரைக்கும் எண்ணுவான். வீட்டில் சொன்ன வேலையை வடிவாகச் செய்வான். என் தம்பிக்குத் தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பேக்கரி வைத்திருக்கிறார், கேட்டுப் பார்ப்போம் என்கிறான். என் கணவரோ, "ஊர் சிரிக்கும், வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார். நான் என்ன செய்ய?
– ஒரு தாய், உரும்பிராய்

பதில்: கேளுங்கள் தங்கச்சி. ஆனால் பாடசாலை முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இந்த மாதமே கேளுங்கள். வாரத்தில் இரண்டு பின்னேரம் அவன் அங்கே போய் நிற்கட்டும். ஏதாவது பிசகினால் அடுத்த நாள் வகுப்பில் ரீச்சரோடு கதைத்துத் திருத்தலாம். பாடசாலைக் கதவு மூடிய பிறகு அந்தத் துணை இல்லை. நான் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை தானே தலை பின்னி, தானே சப்பாத்து மாட்டி, மணி அடிக்க முன்னமே வந்து நிற்பாள். பாடசாலை விட்டு ஒரு வருடம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பத்து மணிக்குத்தான் எழும்புகிறாளாம், தலையை அம்மா பின்னுகிறார்.

சரி, பேக்கரிக்கு வருவோம். முதலாளியிடம் "ஏதாவது வேலை இருக்கிறதா" என்று கேட்டால் "இப்ப ஆள் தேவையில்லை" என்றுதான் வரும். அதற்கு முதல் ஒருநாள் பின்னேரம் நீங்களே போய் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். பாண் அச்சுக்கு எண்ணெய் பூசுவது, தட்டுத் துடைப்பது, பணிஸைப் பையில் போட்டுக் கட்டுவது, மா மூட்டை வந்த பைகளை உதறி மடிப்பது என்று எத்தனை சில்லறை வேலை இருக்கும்! இவை எல்லாம் போறணையில் பாண் சுடுகிறவரும் காசுப்பெட்டியில் இருப்பவரும் அலுப்போடு இடையிடையே செய்கிற வேலைகள். அதில் இரண்டைப் பொறுக்கி, "இதை என் மகன் செய்தால் உங்கள் ஆட்களுக்கு இவ்வளவு நேரம் மிஞ்சும்" என்று சொல்லுங்கள். இரக்கம் காட்டச் சொல்வதை விட இந்தக் கணக்கு முதலாளிக்கு விளங்கும். 18 ஆகும்வரை போறணைப் பக்கமும் மா குழைக்கும் இயந்திரப் பக்கமும் வேண்டாம். அந்த வயதுக்குக் கீழே ஆபத்தான வேலையில் விடுவதைச் சட்டமும் தடுக்கிறது. அப்புறம், பேக்கரியில் விடியப்புறம் நடக்கிற வேலையும் உண்டு. பின்னேர வேலை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பழக்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பணிஸ் கட்டுவதைச் சின்னச் சின்னப் படியாக உடையுங்கள்: பையை எடு, வாயைத் திற, பத்துப் பணிஸ் போடு, முறுக்கு, கட்டு, கூடையில் வை. முதல் சில நாள் மற்றவர் எல்லாம் செய்துகொடுக்க, கூடையில் வைப்பது மட்டும் அவன் வேலை. அது கை வந்ததும் கட்டுவது, பிறகு முறுக்குவது, இப்படிக் கடைசியிலிருந்து முன்னுக்கு வாருங்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடிக்கிறவன் அவனாக இருப்பான். எண்ணிக்கை பிசகுமென்று பயமா? ஒரு பலகையில் பத்து வட்டம் கீறிக் கொடுங்கள். வட்டம் நிறைந்தால் பத்து.

இதில் புதினம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற விசேட கல்வி ஆய்வாளர், ஒன்றும் ஏறாது என்று ஒதுக்கப்பட்டிருந்த 64 பேருக்கு, 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டப் படிப்படியாகப் பழக்கி 1972ல் எழுதினார். அதைப் பழகியவர்களுக்குப் பிறகு 24 பாகங்கள் உள்ள பிரேக்கைக் கொடுத்தும் பார்த்தார். பாகங்களை வரிசையாகத் தட்டில் அடுக்கி வைத்தது, சில பாகங்களுக்கு ஒரு பக்கம் நிறம் பூசியது, இவைதான் அவருடைய வித்தை. உங்கள் மகனுக்குப் பணிஸ் பை சைக்கிள் பிரேக்கை விடக் கஷ்டமாக இருக்காது.

பயணத்தையும் இப்போதே பழக்க வேண்டும். உரும்பிராயிலிருந்து பலாலி வீதியில் ஒரே பஸ், மாறி ஏறத் தேவையில்லை. இந்தப் பொறுப்பை உங்கள் கணவரிடம் கொடுங்கள். முதலில் மகனுக்குப் பக்கத்தில் இருந்து போகட்டும், பிறகு இரண்டு சீற் பின்னால், பிறகு இறங்கும் இடத்தில் மட்டும் காத்து நிற்கட்டும். ஊர் சிரிக்கும் என்று வீட்டிலிருந்து சொல்வது சுகம். மகன் தானே காசு கொடுத்து ரிக்கற் வாங்குவதைப் பார்த்த பிறகு என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

சம்பள விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெடியன் ஒரு கடையில் ஒரு வருடம் நின்றான். தேத்தண்ணி, வடை, வருடப்பிறப்புக்கு ஒரு சேட், அவ்வளவுதான். "எங்கேயோ போய் வருகிறானே, அது போதும்" என்று அவன் தாய்க்குச் சொன்னதும் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. பழகுவதற்கு மூன்று கிழமை என்று தேதி குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு சம்பளம். 2026 ஜனவரியிலிருந்து இலங்கையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். பாதி நேர வேலையென்றால் அதற்கேற்பப் பேசலாம், ஆனால் காசு அவன் கையில் வரட்டும்.

அலுவலக வேலைகள் கொஞ்சம் உண்டு. அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் கிராம அலுவலரிடம் போங்கள். அவன் பெயரில் வங்கிக் கணக்கு திறவுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு பதிந்து வையுங்கள், கொடுப்பனவு பற்றியும் அங்கேயே கேட்கலாம். அரச வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீதம் என்று 1988லேயே சுற்றறிக்கை வந்தது. யாராவது அதைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். கேட்கிற கல்வித் தகைமையைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அது இப்போதைக்கு உதவாது, அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

பேக்கரிக்குக் கதைக்கப் போகிற நாளில் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலாளி உங்களைப் பார்த்துத்தான் "தம்பிக்கு என்ன பேர்?" என்று கேட்பார். நீங்கள் வாய் திறக்காமல் நில்லுங்கள். கொஞ்சம் சுணங்கினாலும் அவனே சொல்லட்டும்.