ஐ.சி.யூவிலிருந்து வந்த அப்பா ஏன் இப்படிப் பேசுகிறார்?

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு வயது 68. கடும் நியூமோனியா. மூன்று கிழமை ஐ.சி.யூவில் இருந்தார், அதில் பாதிக்கு மேல் வென்டிலேட்டரில். இப்போது வீட்டில். பகலில் சாதாரணமாகக் கதைக்கிறார், ஆளையும் நாளையும் சரியாகச் சொல்கிறார். இரவானால் தூக்கமில்லை. ஆஸ்பத்திரியில் தன்னைக் கட்டிவைத்துக் கொல்லப் பார்த்தார்கள், சுவரெல்லாம் பூச்சி ஊர்ந்தது என்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் கோபப்படுகிறார். பெரியம்மா மருந்தை நிற்பாட்டிவிட்டுக் கதிர்காமம் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறா. அப்பாவுக்குப் பைத்தியமா?
மகள், வெள்ளவத்தை

பதில்: இல்லை தங்கச்சி. ஐ.சி.யூவில் வேலை செய்த காலத்தில் இந்தக் கதையை நான் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன், பூச்சி உட்பட. இந்தக் குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். கிருமித்தொற்று, ஒட்சிசன் குறைவு, மயக்க மருந்து, இரவு பகல் தெரியாத வெளிச்சம், ஓயாமல் அடிக்கும் அலாரம், துண்டு துண்டான தூக்கம், இவ்வளவும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட மூளையும் குழம்பிப்போகும். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. குழாயைப் பிடுங்காமல் இருக்கச் சிலருக்குக் கையைத் துணியால் கட்டுவதும் உண்டு, நினைவு பாதி இருந்தும் இல்லாமலும் கிடப்பவருக்கு அது என்னவாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். குழப்பம் தெளிந்த பிறகும் அந்தப் பயம் நிஜ ஞாபகமாகவே தங்கிவிடுகிறது.

அதனால் அப்பாவோடு வாதாடாதீர்கள். ஓமோம் கொல்லத்தான் பார்த்தார்கள் என்று ஒத்தூதவும் வேண்டாம். "அப்பா, நல்லாப் பயந்துபோயிருப்பீங்க" என்று சொல்லி, பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். என்றைக்குக் குழாய் போட்டார்கள், என்றைக்கு எடுத்தார்கள், அம்மா வந்து என்ன சொன்னா, வெளியே அன்றைக்கு மழையா வெயிலா, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுங்கள். ஸ்கண்டினேவிய நாடுகளில் தாதிமாரே நோயாளிக்காக இப்படி நாட்குறிப்பு எழுதும் வழக்கம் பல வருடங்களாக இருக்கிறது. எங்கள் வாட்டுகளில் அதற்கு யாருக்கு நேரம், நீங்கள்தான் எழுத வேண்டும். அப்பா வாசிக்கக் கேட்டால் கொடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். அடுத்த கிளினிக்கில் இந்த இரவுப் பயத்தை மறக்காமல் சொல்லுங்கள், தேவையென்றால் மனநல வைத்தியரிடம் அனுப்புவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் கிடக்கும் தூக்கமாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், சிலவகை மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்பாவின் கால் மெலிந்திருக்கும். 2013இல் வெளிவந்த லண்டன் ஆய்வொன்றில், ஐ.சி.யூவில் பத்து நாளில் தொடைத் தசை சராசரியாக ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. "பாவம், படுத்திருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் அது இன்னும் கரையும். பிசியோதெரபி மிஸ் சொன்ன அளவுக்கு எழுப்பி நடக்க வையுங்கள். முட்டை, மீன், பருப்பு கொடுங்கள், ஆனால் தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும், குழாய் இருந்த தொண்டைக்கு விழுங்கப் பழக நாளெடுக்கலாம். இரண்டு மூன்று மாதத்தில் தலைமுடி கொட்டினால் பதறாதீர்கள், அனேகமாகத் திரும்ப வளரும். காய்ச்சல், மூச்சுத்திணறல், பகலிலும் ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், இதில் ஏதாவது வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

கதிர்காமம் போகத்தான் வேண்டும், அப்பா நன்றாக நடக்கத் தொடங்கட்டும். மருந்தை மட்டும் நிறுத்தவே கூடாது.

கேள்வி: என் கணவர் ஐ.சி.யூவில் மயக்கத்தில் இருக்கிறார். நான் கதைத்தால் கேட்குமா? அவருக்குச் சிங்களம் ஓடாது, மிஸ்மாருக்குத் தமிழ் தெரியாது. டொக்டர் சொல்வதும் எனக்குப் பாதிதான் விளங்குகிறது.
கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: கேட்கலாம், அதனால் கேட்கிறது என்று நினைத்தே கதையுங்கள். நீங்கள் யார், இன்றைக்கு என்ன கிழமை, பிள்ளைகள் சாப்பிட்டார்களா, இது போதும். கட்டிலருகே நின்று செலவுக் கணக்கும் சொந்தக்காரர் சண்டையும் வேண்டாம். கண்ணாடி, காது மெஷின் பாவிப்பவர் என்றால், கண் விழிக்கும்போது கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பாஷை விஷயத்துக்கு ஒரு வழி. "வலிக்குதா", "தண்ணி வேணுமா", "பயப்படாதீங்க, ஆஸ்பத்திரியில இருக்கிறீங்க" போன்ற நாலைந்து வசனங்களைத் தமிழ் உச்சரிப்பிலேயே சிங்கள எழுத்தில், பக்கத்தில் சிங்கள அர்த்தத்தோடு, யாரிடமாவது எழுதி வாங்கி மிஸ்ஸிடம் கொடுங்கள். பலர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கண் விழித்ததும் தன் பாஷையில் ஒரு வார்த்தை கேட்பது பெரிய மருந்து.

டொக்டரோடு கதைக்க வீட்டில் ஒருவரை மட்டும் விடுங்கள், சிங்களமோ இங்கிலீஷோ நன்றாகத் தெரிந்தவராக. ஏழு பேர் ஏழு தரம் கேட்டால் ஏழு கதை வீட்டுக்கு வரும். எந்த உறுப்பு சரியில்லை, மெஷின் என்ன செய்கிறது, நாளைக்குள் எதை எதிர்பார்க்கிறீர்கள், இதைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். விளங்கவில்லை என்று சொல்லவும் தயங்க வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான், தமிழில் விளக்க ஒருவரைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கேள்வி: அம்மா பிழைத்து வந்துவிட்டா. எனக்குத்தான் இப்போது போன் அடித்தாலே நெஞ்சு பதறுகிறது, அழுகை வருகிறது. இது சுயநலமா?
தெஹிவளை வாசகர்

பதில்: சுயநலமில்லை தம்பி. ஐ.சி.யூ வாசலில் காத்திருந்தவர்களுக்கும் இப்படி வருவதுண்டு, மாதக்கணக்கில் இழுக்கவும் கூடும். இரவுக் காவலைத் தங்கச்சியோ மச்சானோ மாற்றிக்கொள்ளட்டும், நீங்கள் போனை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். சில கிழமையில் குறையவில்லை என்றால் 1926க்கு அழையுங்கள், செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.