11 மணி ஆனா வர்ற கோவம்

கேள்வி: அக்கா, எனக்கு முக்கூடல் பக்கம். வீட்ல இருந்து பீடி சுத்துதேன். பிள்ளையள பள்ளிக்கூடம் அனுப்பிட்டு சுளவ மடியில வச்சா மதியம் வரைக்கும் எந்திரிக்க மாட்டேன், நடுவுல ரெண்டு மூணு டீ மட்டும் தான். 11 மணி ஆனா கை நடுங்கி இலை சரியா உருள மாட்டேங்கு, படபடன்னு வருது, அத்தை என்னமும் கேட்டாக்கூட சுள்ளுன்னு விழுதேன். வீட்டுக்காரர் ஒனக்கு கோவம் ஜாஸ்திங்காவ. சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: இருக்கு தாயி, நல்லாவே இருக்கு. ராத்திரி 8 மணிக்கு சாப்ட்டிருப்ப, மறுநா 11 மணின்னா 15 மணி நேரம் ஆச்சுல்லா, அவ்வளவு நேரம் வயித்துக்கு ஒண்ணும் போகலன்னா ரத்தத்துல சர்க்கரைய எறங்க விடாம பாத்துக்கிட ஒடம்பு அட்ரினலின், கார்ட்டிசால்னு ஹார்மோன எடுத்து விட்டு ஈரல்ல சேத்து வச்ச சர்க்கரைய வெளிய கொண்டாரும். நாய் தொரத்துனாலும் ஊறுறது இதே ஹார்மோன் தான். அதான் நடுக்கம், படபடப்பு, எரிச்சல் எல்லாம். கோவக்காரின்னு பேரு வாங்குனதுல பாதி வெறும் வயிறு பண்ணுன வேலை.

அதுக்கு மேல டீ வேற. டீல உள்ள கஃபைன் அந்த படபடப்ப இன்னும் கூட்டும், அதோட பாதி ஒடம்ப விட்டுப் போகவே சுமாரா 5 மணி நேரம் ஆகும், அதனால சாயங்காலத்துக்கு மேல குடிச்சா தூக்கமும் போச்சு, தூங்காதவளுக்கு மறுநா எதுக்கெடுத்தாலும் எரிச்சல் தான வரும். இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாவ, பீடித்தூள்ல இருக்க நிக்கோட்டின் தோல் வழியாவும் கொஞ்சம் ஏறும், அதுவும் நெஞ்ச வேகமா அடிக்க வைக்கும். சோப்பு போட்டு கை கழுவாம எதையும் வாயில வைக்காத.

காலைல பழைய சோறும் சின்ன வெங்காயமும் தாராளமா சாப்பிடு, கூட ஒரு முட்டையோ அவிச்ச பயறோ இருக்கட்டும், வெறும் சோறுன்னா சீக்கிரம் பசிச்சிரும். சாளை மீன் மலிவா வந்தா விடாத. ஆஸ்திரேலியால 2017ல வந்த ஒரு ஆராய்ச்சி, மனச்சோர்வு உள்ள 67 பேருல ஒரு பாதிக்கு காய்கறி, பயறு, மீன், கொட்டைன்னு சாப்பாட்ட மாத்திவிட்டாவ, மத்தவங்களுக்கு பேச்சுத்துணை மட்டும். 12 வாரத்துல சாப்பாடு மாத்துனவங்கள்ல 32 சதவீதம் பேரு தேறிட்டாவ, மத்த பக்கம் 8 சதவீதம் தான். சின்ன ஆராய்ச்சி தான், இத நம்பி மனசுக்கு மாத்திரை சாப்பிடுதவங்க மாத்திரைய நிறுத்திரக் கூடாது. கடன் கவலையும் முட்டை தின்னா தீராது, அதையும் சொல்லிருதேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துரு. ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா ரத்தசோகை, அதுலயும் படபடப்பு வரும். டீ, சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது, அதனால சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சி குடி. தைராய்டும் சர்க்கரையும் சேத்தே பாக்கச் சொல்லு. ரெண்டு வாரம் காலைல ஒழுங்கா சாப்ட்டும் நடுக்கம் நிக்கலன்னா தள்ளிப் போடாம டாக்டர்ட்ட காட்டிரு.