காவிரிக் கரையில் கேம்ப் நடத்தலாமா? வெள்ளம், விலங்கு, வேலையாட்கள் பற்றி ஒரு பதில்

கேள்வி இது: "காவிரிக் கரையில், காட்டை ஒட்டி எனக்கு நிலம் கிடைக்கிறது. டென்ட் போட்டு கேம்ப் நடத்த ஆசை. வெள்ளம், யானை, முதலை, வேலைக்கு ஆள் இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? என் இரண்டு நாய்களையும் அங்கே வைத்துக்கொள்ளலாமா?"

கர்நாடகத்தில் முத்தத்தி, பீமேஸ்வரி பக்கம் சரணாலய எல்லையை ஒட்டிய ஒரு பட்டா நிலத்தில் பல வருடங்கள் கேம்ப் மேனேஜராக இருந்தேன். சொந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம் என்பதால் தமிழ், கன்னடம் இரண்டும் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் வேலையாட்களைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். பக்கத்துக் கிராமத்து ஆட்களுக்கு வருடம் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுக்க உங்களால் முடியும் என்றால் மட்டும் இந்தத் தொழிலுக்கு வாருங்கள். வெள்ளத்தையும் யானையையும் முதலையையும் சமாளிக்கப் போவது அவர்கள்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறு பெருகி ஓடும், கெஸ்ட் வரவு குறையும். அந்த மாதங்களில் ஆட்களை நிறுத்திவிட்டு அக்டோபரில் மறுபடி கூப்பிடுகிற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். பழையவர்கள் அதற்குள் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கோ பிடதி ஃபேக்டரிக்கோ போயிருப்பார்கள். புதிதாக வருகிற பையனுக்குப் பரிசல் சுற்றத் தெரியும், ஆனால் எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல் இருக்கிறது என்று தெரியாது. வாட்ச்மேனாக வருபவருக்கு யானையின் வாசனை வருவதும் தெரியாது, கிளை ஒடியும் சத்தம் எவ்வளவு தூரத்தில் என்பதும் தெரியாது.

இந்த ஆற்றின் கதையே இதற்குச் சாட்சி. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோரே என்று இங்கே மூன்று கேம்ப்களை நடத்தி வந்தது. மாசீர் மீனைத் தூண்டிலில் பிடித்து, எடை பார்த்து, மறுபடி ஆற்றிலேயே விடுவதற்காக உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்தார்கள். 1946-ல் காவிரியின் துணை ஆறான கபினியில் பிடிபட்ட 120 பவுண்டு மாசீரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அந்த கேம்ப்களில் வழிகாட்டிகளாகவும் காவலாகவும் வேலை பார்த்தவர்களில் பலர் முன்பு இதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடிக்க வலையும் வெடியும் போட்டவர்கள். மாதச் சம்பளம் வந்ததும் அதே ஆட்கள் மடுக்களைக் காவல் காத்தார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. சட்டப்படி அதற்குக் காரணம் இருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்று வேலை அதே வேகத்தில் வரவில்லை. ஆற்றோரம் இரவு பகலாக இருந்த கண்களும் குறைந்தன. இது என் மனதில் ஆறாத விஷயம்.

மாசீரில் இன்னொரு சங்கதியும் உண்டு. காவிரிக்கே உரிய, முதுகில் திமில் மாதிரி எழும்பிய, ஆரஞ்சு நிறத் துடுப்புள்ள மாசீருக்கு 2018-ல்தான் டார் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலிலும் அது சேர்ந்தது. லோனாவ்லா பண்ணையில் பொரித்து, நல்லெண்ணத்தோடு இங்கே கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மாசீர் பெருகி, மண்ணின் மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கேம்ப் நடத்துபவர் ஆற்றுக்கு நல்லது செய்கிறேன் என்று எதையாவது கொண்டுவந்து விடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். கெஸ்ட்டுக்குக் காட்ட வாத்து வளர்ப்பது, தொட்டி மீனை ஆற்றில் விடுவது எதுவும் வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். புதிதாக வருபவர்களுக்குப் பிடிபடாத ஒன்று, இங்கே ஒரு சொட்டு மழை பெய்யாமலே வெள்ளம் வரும் என்பது. குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழை கிருஷ்ணராஜசாகரையும் கபினியையும் நிரப்புகிறது. அணைகள் திறந்தால் இரண்டு தண்ணீரும் திருமக்கூடல் நரசிபுரத்தில் சேர்ந்து, சிவனசமுத்திரத்தில் விழுந்து, நம் கரைக்கு வரும். நம் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கும். 2018, 2019, 2024 மழைக்காலங்களில் ஒகேனக்கலுக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்து பரிசலை நிறுத்தினார்களே, அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் கேம்ப் வழியாகத்தான் போனது. கோடையில் வேறு மாதிரி. சிவனசமுத்திரத்தில் 1902 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். மின் நிலையங்கள் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும்போது ஒரே நாளில் மட்டம் ஏறி இறங்கும். காலையில் நடந்துபோய் உட்கார்ந்த பாறையில் இருந்து மதியம் நடந்து திரும்ப முடியாமல் போகலாம். முத்தத்தியிலும் சங்கமாவிலும் மேகேதாட்டிலும் வருடா வருடம் உயிர் போவதற்கு இதுவும் சுழலும்தான் காரணம்.

அணை திறப்பு அறிவிப்பு ஃபோனில் வரும், வாட்ஸ்அப்பில் வரும். எங்கள் பரிசல்காரர்களில் மூத்தவருக்கு அது தேவைப்படவில்லை. காலையில் கரைக்குப் போய் நிற்பார். நுரையும் சருகும் கரையோரம் கோடு கட்டி வருகிறதா, தண்ணீரின் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். "தம்பி, தண்ணி கலங்குது. கீழ இருக்கிற டென்ட்டை மதியத்துக்குள்ள மேல ஏத்திடலாம்" என்பார். "சரிண்ணா" என்று சொல்லி ஆட்களைக் கூப்பிடுவேன். அவர் சொன்னபின் நான் வானிலை ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றது கிடையாது.

நிலம் பார்க்கப் போகும்போது கரையில் உள்ள நீர்மருது மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக்கும் துணிக் கிழிசலும் எந்த உயரத்தில் தொங்குகின்றனவோ அதுதான் வெள்ளத்தின் அளவு. செப்டிக் டேங்க், சமையலறை, தங்கும் இடம் மூன்றும் அதற்கு மேலே இருக்க வேண்டும். மணல் திட்டில் டென்ட் அழகாக இருக்கும் என்று புரோக்கர் சொல்வார். ரிஷிகேஷில் கங்கை மணலில் அப்படித்தான் கேம்ப்கள் பெருகின. 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுக் கரையில் இருந்து அவற்றை விலக்க வேண்டி வந்தது. இங்கே மணலில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முதலை முட்டையிடும். அந்த இடம் அதற்கே இருக்கட்டும்.

முதலையைப் பற்றி நான் ஆட்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: ஒரே துறையில், ஒரே நேரத்தில், தினமும் தண்ணீரில் கை வைக்காதீர்கள். பாத்திரம் கழுவுவதும் மீன் அரிந்த கழிவை ஆற்றில் வீசுவதும் முதலையை அந்தத் துறைக்குப் பழக்கும். நாங்கள் கழுவும் இடத்தை மேலே தொட்டிப் பக்கம் மாற்றினோம். குளிக்கிறவர்களுக்கு அடி தெரிகிற ஆழமில்லாத ஓட்டத்தில் கயிறு கட்டி, நல்ல வெயிலில் மட்டும், லைஃப் ஜாக்கெட்டோடு. சூரியன் சாய்ந்தபின் யாரும் கரை இறங்கக் கூடாது. கெஸ்ட் முனகுவார்கள், முனகட்டும்.

யானை விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கர்நாடகப் பக்கம் 1987 முதல் காவிரி சரணாலயம் இருக்கிறது. 2013-ல் விரிவாக்கியபின் அது ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டுப் பக்கம் 2014-ல் காவிரி வடக்கு சரணாலயமும், 2022-ல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தன. யானைக்கு இரண்டு கரையும் ஒரே காடு. பிப்ரவரி முதல் மே வரை உள்ளே குட்டைகள் வற்றியதும் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்கு இறங்கும், கடக்கும். இறங்குகிற தடம் தலைமுறை தலைமுறையாக ஒன்றேதான். உங்கள் நிலத்துக்குள் அந்தத் தடம் இருந்தால் வேலி போட்டு மறிக்க நினைக்காதீர்கள். அந்தப் பகுதியை அப்படியே திறந்து விட்டுவிட்டு மீதியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு டென்ட் போடுங்கள். மீதி போதவில்லை என்றால் அந்த நிலத்தை வாங்காதீர்கள்.

யானையை கேம்ப்புக்குள் இழுப்பது சாப்பாடு. உப்பு, வெல்லம், கேழ்வரகு, வாழை, பலா இவை இருக்கும் அறைக்குக் கெட்டியான சுவரும் இரும்புக் கதவும் வேண்டும். டென்ட்டுக்குள் பிஸ்கட்டும் பழமும் வைக்கக் கூடாது. டென்ட்டில் இருந்து டாய்லெட்டுக்கு இருட்டில் நடக்கும்படி வைக்காதீர்கள், ஒட்டியே கட்டுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. அதே மாதம்தான், மசினகுடியில் ஒரு விடுதியருகே வந்த யானையின் மேல் எரிகிற பொருளை வீசி, அது புண்ணோடு அலைந்து செத்த செய்தியும் வீடியோவும் வந்தன. அந்த வீடியோவை எங்கள் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். சமையல் அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அதற்கு முன்பும் நாங்கள் பட்டாசு வைத்திருந்ததில்லை. அன்று முதல் எழுதிப் போட்ட விதியாகவே ஆக்கினோம்: யானை வந்தால் கெஸ்ட் எல்லோரும் கான்கிரீட் டைனிங் ஹாலுக்குள், டார்ச் அடிக்கக் கூடாது, ஃபோன் வெளிச்சம் கூடாது, வனத்துறைக்குத் தகவல், பிறகு அது போகும்வரை காத்திருப்பது. இரண்டு மணி நேரம் ஆனாலும் சரி.

ஆற்றுக் காட்சி தெரிய வேண்டும் என்று மரக்கிளைகளைக் கழிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். இந்தக் கரையில் வாழ்கிற நரை அணில், மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும் ஜீவன். நீர்மருதில்தான் பெரும்பாலும் கூடு கட்டும். இரண்டு கிளையை வெட்டினால் அதன் பாதை அறுந்துவிடும், தரையில் இறங்கி நடக்க வேண்டி வரும். குரங்குகளைக் கெடுப்பதோ மிச்சச் சோறு. முத்தத்தி ஆஞ்சநேயர் கோயிலுக்கு வருகிறவர்கள் கொடுத்துக் கொடுத்து, அங்கே குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கப் பழகிவிட்டன. கேம்ப்பில் குப்பைத் தொட்டிக்கு மூடியும் பூட்டும் வேண்டும். குப்பை இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல், கடித்த காலை ஆட்டாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு வண்டியைக் கிளப்ப வேண்டும். அந்த வண்டியும் டிரைவரும் இரவில் கேம்ப்பிலேயே இருக்க வேண்டும். எந்த மருத்துவமனையில் மருந்து இருப்பில் இருக்கிறது என்று மாதம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது நீர்நாய்கள். காலையில் குடும்பமாக வந்து, ஒரு மடுவை வளைத்து மீன் பிடித்து, பாறையில் ஏறி உடம்பை உலர்த்தும். பாறையில் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் புதிதாகக் கிடந்தால் அந்த மடுவில் மீன் இருக்கிறது என்று அர்த்தம். நீர்நாய்கள் திடீரென்று ஒரு மடுவுக்கு வருவதை நிறுத்தினால் எங்கள் ஆட்கள் உடனே சந்தேகப்படுவார்கள், யாராவது வெடி போட்டிருப்பார்கள் என்று. விசாரித்து வனத்துறைக்குச் சொல்வார்கள். சொந்த ஊர்க்காரனைப் பற்றிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசியுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்படுகிற ஒருவரிடம் அந்தத் தைரியத்தைக் கேட்க முடியாது.

வருமானம் பற்றிச் சுருக்கமாக: வெள்ளி, சனி இரண்டு இரவுகள்தான் வாரத்தையே தாங்கும். மைக் செட், பார்ட்டி என்று இறங்கினால் அது கூடும், ஆனால் அடுத்த கோடையில் காட்டைப் பார்க்க வருகிறவர்கள் வர மாட்டார்கள். நிலம் சரணாலயத்தைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் வருகிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். ஆகஸ்ட்டில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை அந்த நிலத்தில் போய் நில்லுங்கள்.

நாய்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை, அதைத் தேடி டென்ட் வரைக்கும் வரும். யானையைப் பார்த்துக் குரைக்கிற நாய் துரத்தப்பட்டால் நேராக எஜமானிடம்தான் ஓடி வரும், பின்னால் யானையும் வரும். மான் குட்டியைத் துரத்தும். வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நாயிடம் இருந்து காட்டு விலங்குக்குப் போகும். உங்கள் இரண்டையும் வீட்டில் நம்பிக்கையான யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள். பக்கத்துக் கிராமத்து நாய்கள் எப்படியும் கேம்ப்பைச் சுற்றும். அவற்றுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் போடும் செலவை கேம்ப் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மிச்சச் சோறு மட்டும் போடாதீர்கள்.