பழைய பேடைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்

கார் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். முன்சக்கரப் பேடைத் தாராளமாக மாற்றலாம். காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன். ஆனால் பேடு ஏன் தேய்ந்தது, எப்படித் தேய்ந்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

கே: பிரேக் மிதித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. பேடு முடிந்துவிட்டதா? (தேவகோட்டை)

மழைக்கு மறுநாள் காலையில் முதல் நாலைந்து மிதிக்கு மட்டும் வந்தால், பேடு கவ்விப் பிடிக்கும் சுழலும் இரும்புத் தட்டான டிஸ்கில் படிந்த மெல்லிய துரு. தானே போய்விடும். நாள் முழுக்க வந்தால் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் பேடோடு ஒரு சிறிய தகடு இருக்கும். தேய்மானம் எல்லையைத் தொட்டதும் அது டிஸ்கில் உரசிக் கத்தும். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். புதிய பேடில் உராயும் பகுதி 10 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். டிஸ்கின் இரண்டு பக்கமும் பேடு இருக்கும். வெளிப்பேடுதான் இப்படிக் கண்ணில் படும், உள்பேடு அதைவிடத் தேய்ந்திருக்கலாம். சத்தம் கரகரவென்று மாறியிருந்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது. வண்டியை எடுக்காதீர்கள், டிஸ்கும் சேர்ந்து போய்விடும்.

கே: ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் சேர்ந்து மாற்றப் போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (கோட்டையூர்)

முதலில் ஜாக்கி. நம் ஊர்ச் செம்மண் காய்ந்திருக்கும்போது பாறை மாதிரி இருக்கும், ஒரு மழை பெய்தால் இளகிவிடும். பழகுகிற காலத்தில் ஈரத் தரையில் ஜாக்கி சாய்ந்து வண்டி இறங்கியதை அருகிலிருந்து பார்த்தவன் நான். சக்கரம் கழற்றியிருந்தது, நல்லவேளை யார் கையும் உள்ளே இல்லை. அன்றிலிருந்து ஜாக்கியை மட்டும் நம்புவதில்லை. கெட்டியான சமதரை வேண்டும். முகப்பில் ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தால் அங்கே வேண்டாம், வழுக்கும், கல்லும் விரிசல் விடும். ஜாக்கியின் அடியில் தடித்த பலகை, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்கியதும் வண்டியைத் தாங்க ஸ்டாண்டு. கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்தால், பேடுகளைப் பிடித்து அழுத்தும் கேலிப்பரில் கை வைக்க இடம் கிடைக்கும். கீழ்ப் போல்ட்டைக் கழற்றிக் கேலிப்பரை மேலே தூக்கினாலே பல வண்டிகளில் பேடு வெளியே வந்துவிடும். முழுதாகக் கழற்ற நேர்ந்தால் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது.

புதுப் பேடு தடிமனானது என்பதால், கேலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் கவ்வி) வைத்து மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே உள்ள டப்பாவில் ஏறும். நடுவில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்துவிடும். அது பெயிண்டைத் தின்றுவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பேடின் முகத்திலோ டிஸ்கிலோ கிரீஸ் கை படவே கூடாது.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்து மாட்ட மறுபக்கம் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் அன்றே மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கே: கழற்றிப் பார்த்தால் உள்பேடு தகடாகிவிட்டது, வெளிப்பேடு பாதி இருக்கிறது. மட்டமான பேடா? (புதுவயல்)

இல்லை. இதற்காகத்தான் பழைய பேடைப் பார்க்கச் சொல்கிறேன். கேலிப்பர் இரண்டு பின்களின் (உருண்டைக் கம்பிகளின்) மேல் அங்குமிங்கும் நகர வேண்டும். இந்தப் பின்கள் துருவேறி இறுகிவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டுமே வேலை செய்து தீர்ந்துபோகும். நீங்கள் புதியதை மாட்டினாலும் அதே கதைதான். பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊத வைக்கும். பேடு ஒரு முனையில் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் அந்தப் பின்களையும் பேடு உட்காரும் இடத்தையும் பாருங்கள். முகம் கண்ணாடி போலப் பளபளத்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி ஈரம் இருந்தால் ஆயில் கசிகிறது, அதை வீட்டில் தொடாதீர்கள்.

கே: பிள்ளைகள் சிங்கப்பூரில். வருடத்தில் இரண்டு தடவை வரும்போதுதான் காரை எடுக்கிறார்கள். போன முறை பின்சக்கரம் நகரவே இல்லை. (கானாடுகாத்தான்)

ஆச்சி, ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் நின்றதால் பின்சக்கர டிரம் பிரேக்கில், பேடு மாதிரி உரசும் லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கும். இனி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். டிரைவர் யாராவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை குன்றக்குடி வரை ஓட்டி வந்தால் டிஸ்க்கும் துருப்பிடிக்காது, பேட்டரியும் இறங்காது. பிரேக் ஆயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வண்டி நின்றாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

கே: பின்சக்கரத்திலும் டிஸ்க். அதே முறைதானா? (பள்ளத்தூர்)

இல்லை. பல வண்டிகளில் பின்சக்கரப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், அழுத்தினால் கெடும். பட்டனில் இயங்கும் ஹேண்ட் பிரேக் என்றால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் கழற்றவே கூடாது. பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கே: பேடு மாற்றிய அடுத்த நாளே கொடைக்கானல் போகலாமா? (திருப்பத்தூர்)

இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். மாற்றிய உடனே, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே, பெடல் கெட்டியாகும் வரை மிதித்து மிதித்து விடுங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும், அந்த நேரத்தில் வண்டி நகர்ந்தால் நிற்காது. எத்தனை மிதித்தும் மெத்தென்று இருந்தால் காற்று புகுந்திருக்கிறது, காற்றெடுக்காமல் ஓட்டாதீர்கள்.

அப்புறம் காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். சற்று தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும். இப்படிப் பத்துத் தடவை செய்தால் பேடும் டிஸ்க்கும் சேர்ந்து படியும். நம் பக்கம் சமவெளி என்பதால் பிரேக்கை நம்பியே இறங்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வத்தலகுண்டு இறக்கத்தில் அது கூடாது. இரண்டாவது கியரில் எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். கருகல் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், கோணிவிடும்.