நுகர்வோர் கேள்வி-பதில்: கல்லூரி ஃபுட்பால் சந்தாக்களும் இடம் மாறும் அணிகளும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றியவை. பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு இந்த ஆட்டம் வீட்டுக்குள் வந்துவிட்ட குடும்பங்கள் எழுதியிருக்கின்றன. அணிகள் ஒரு கூட்டமைப்பை விட்டு இன்னொன்றுக்குப் போய்விட்டதால் எந்தச் சேனலுக்குப் பணம் கட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். பல பல்கலைக்கழக அணிகள் தமக்குள் ஆடுவதற்காகச் சேர்ந்த குழுவை அங்கே கான்ஃபரன்ஸ் என்பார்கள்; அதையே கூட்டமைப்பு என்று எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகள் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறாள். அவளுடன் பேசுவதற்காகவாவது எல்லா ஆட்டங்களையும் பார்க்க விரும்புகிறேன். நான்கு சேவைகளுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்று நண்பர் சொல்கிறார். மாதம் நூறு டாலரைத் தாண்டுகிறது. (சின்சினாட்டி, ஓஹையோ)

பதில்: சந்தா எதையும் கட்டுவதற்கு முன் ஓர் ஆன்டெனா வாங்குங்கள். 2023இல் தொடங்கிய ஏழாண்டு ஒப்பந்தத்தின்படி, ஓஹையோ ஸ்டேட் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் முக்கிய ஆட்டங்களை ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களும் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. நண்பகல் ஆட்டம் ஃபாக்ஸுக்கும், பிற்பகல் ஆட்டம் சி.பி.எஸ்ஸுக்கும், இரவு ஆட்டம் என்.பி.சி.க்கும் போகிறது. இந்த மூன்றையும் ஒருமுறை வாங்கிய ஆன்டெனாவைக் கொண்டே மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். ஓஹையோ ஸ்டேட் நாடு முழுவதும் பார்க்கப்படும் அணி என்பதால், அதன் ஆட்டங்களில் பெரும்பகுதியை இந்த மூன்றும் தமக்கென்றே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய ஒன்றிரண்டு ஆட்டங்கள் கூட்டமைப்பின் சொந்தச் சேனலான பிக் டென் நெட்வொர்க்கிலோ, என்.பி.சி.யின் இணையச் சேவையான பீகாக்கிலோ வரும். எந்த வாரம் வருகிறதோ அந்த மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டிவிட்டு, ஆட்டம் முடிந்த அன்றே ரத்து செய்யுங்கள்.

கேள்வி: 150 டாலர் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினால் எல்லாக் கூட்டமைப்புகளின் ஆட்டங்களையும் வாழ்நாள் முழுவதும் பார்க்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா? (ஹூஸ்டன், டெக்சஸ்)

பதில்: வாங்காதீர்கள். அது திருட்டு ஒளிபரப்பு.

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் ஃபுட்பால் பார்ப்பதில்லை. மாமியாருக்குத் தமிழ்ச் சேனல்களும் பிள்ளைகளுக்குக் கார்ட்டூனும் போதும். ஆனாலும் கேபிள் பில்லில் விளையாட்டுச் சேனல்களுக்கும் சேர்த்துப் பணம் வாங்குகிறார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் வேறு கூட்டமைப்புக்குப் போனதற்கும் எங்கள் பில்லுக்கும் தொடர்பு உண்டு என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: உண்மைதான். பல ஆண்டுகளாக என் மனத்தில் ஆறாமல் இருக்கும் விஷயம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1984 வரை கல்லூரி ஃபுட்பாலின் தொலைக்காட்சி உரிமை முழுவதும் என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியச் சங்கத்தின் கையில் இருந்தது. ஓர் அணியை எத்தனை முறை தொலைக்காட்சியில் காட்டலாம் என்பதைக்கூட அச்சங்கமே வரையறுத்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடர்ந்த வழக்கில், இந்தக் கட்டுப்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்டு எழுதிய நீதிபதி பைரன் வைட், இளமையில் தாமே புகழ்பெற்ற ஃபுட்பால் வீரராக இருந்தவர். தீர்ப்புக்குப் பின் உரிமையை யாரும் விற்கலாம் என்றாயிற்று. தனித்து விற்பதைவிடக் கூட்டமாக விற்றால் விலை கூடும் என்பதால் கூட்டமைப்புகள் விற்பனையாளர்களாக மாறின.

உங்கள் பில்லைத் தொட்ட மாற்றம் 2007இல் நடந்தது. அந்த ஆண்டு பிக் டென் கூட்டமைப்பு ஃபாக்ஸுடன் சேர்ந்து தனக்கென்று ஒரு சேனலைத் தொடங்கியது. தன் உறுப்பினர் பல்கலைக்கழகங்கள் இருக்கும் மாநிலங்களில் கேபிள் இணைப்புள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஏறத்தாழ ஒரு டாலரும், மற்ற மாநிலங்களில் அதில் ஒரு சிறு பங்கும் வேண்டும் என்று அது கேபிள் நிறுவனங்களிடம் கேட்டது. வீட்டில் யாராவது ஆட்டத்தைப் பார்க்கிறார்களா என்ற கேள்வியே இதில் எழவில்லை. சேனல் அடிப்படைத் தொகுப்பில் இடம்பெற்றுவிட்டால் பார்ப்பவர், பார்க்காதவர் எல்லாரும் கட்ட வேண்டியதுதான்.

இப்போது ரட்கர்ஸுக்கு வருவோம். 1869இல் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் மண்ணில்தான் நடந்தது. ஆனாலும் 2012 நவம்பரில் பிக் டென் அதை அழைத்ததற்கு அந்தப் பழம்பெருமையோ அணியின் வலிமையோ காரணமில்லை. நியூ யார்க் நகரையும் அதைச் சுற்றிய நியூ ஜெர்சியையும் சேர்ந்த லட்சக்கணக்கான கேபிள் வீடுகள் குறைந்த கட்டணப் பகுதியிலிருந்து முழுக் கட்டணப் பகுதிக்கு மாறும் என்பதே அழைப்பின் காரணம். வாஷிங்டன், பால்டிமோர் வீடுகளுக்காக மேரிலாண்டும் அதே வாரத்தில் அழைக்கப்பட்டது. இரண்டும் 2014இல் சேர்ந்தன. உங்கள் மாமியார் தமிழ்த் தொடர் பார்த்துக்கொண்டிருந்த வீடும் அந்த பேரத்தில் எண்ணப்பட்ட ஒரு வீடுதான். உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பொறுக்காதது இதுதான். ஒரு பொருளை விற்பவர் விலையை ஏற்றினால் வாங்காமல் விலகிக்கொள்ளலாம். ஆனால் இங்கே வாங்காத பொருளுக்கு விலை வைத்து, அந்த வருவாயை மூலதனமாக்கி அணிகளை இடம் மாற்றினார்கள்.

மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கிய பிறகு கணக்கு மாறிவிட்டது. கட்டாயமாகக் கட்டும் வீடுகள் குறையக் குறைய, உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே விலையை முடிவு செய்கிறது. 2022இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் பிக் டென்னுக்குப் போக முடிவெடுத்தன. சில வாரங்களில் அந்தக் கூட்டமைப்பு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை அறிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. தமிழ்ச் சேனல்களைத் தனிச் சந்தாவாக வாங்க முடியும். கார்ட்டூனுக்கு, விளையாட்டே இல்லாத ஃபைலோ போன்ற மலிவான சேவைகள் இருக்கின்றன. இரண்டின் விலையையும் கூட்டி உங்கள் கேபிள் பில்லின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒப்பிடும்போது பில்லின் மொத்தத் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விளையாட்டுக் கட்டணமும் உள்ளூர் ஒளிபரப்புக் கட்டணமும் பெரும்பாலும் தனி வரிகளாகக் கீழே ஒளிந்திருக்கும்.

கேள்வி: ஒரே ஓர் ஆட்டத்துக்காக ஏழு நாள் இலவசச் சோதனையில் சேர்ந்தேன். ரத்து செய்ய மறந்துவிட்டேன். ஐந்து மாதமாகப் பணம் போயிருக்கிறது. முழுவதையும் திரும்பப் பெற வழி சொல்லுங்கள். (டல்லஸ், டெக்சஸ்)

பதில்: ஐந்து மாதம் உங்கள் கிரெடிட் கார்டு கணக்கை நீங்கள் பார்க்கவே இல்லை என்று பொருள். கடைசி மாதத்துக்காவது கேட்டுப் பாருங்கள். மற்றவை திரும்பி வரும் என்று நம்பாதீர்கள். சேர்வது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக ரத்து செய்யவும் வழி இருக்க வேண்டும் என்று கூட்டாட்சி வணிக ஆணையம் கொண்டுவந்த விதியை, நடைமுறைக்கு வருமுன்பே, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே சந்தாவில் சேரும் அன்றே முடிவு நாளை நாள்காட்டியில் குறிப்பதுதான் உங்களுக்கு நம்பத்தக்க காவல்.

கேள்வி: பருவத்தின் நடுவில், அதுவும் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் சேவையில் விளையாட்டுச் சேனல்கள் மறைந்துவிட்டன. கட்டணத்தை மட்டும் குறைக்கவில்லை. நாங்கள் என்ன தவறு செய்தோம்? (பர்மிங்ஹாம், அலபாமா)

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சேனல் நிறுவனமும் அதை வீட்டுக்குக் கொண்டுவரும் நிறுவனமும் கட்டணத்தில் ஒத்துப்போகாதபோது, ரசிகரின் சனிக்கிழமையைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் பேரம் பேசுகிறார்கள். நாட்களைப் பாருங்கள். இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனலை வைத்திருக்கும் டிஸ்னிக்கும் கேபிள் நிறுவனமான சார்ட்டருக்கும் இடையிலான மோதல் 2023 ஆகஸ்டு 31இல் தொடங்கியது. டிஸ்னிக்கும் செயற்கைக்கோள் டி.வி. நிறுவனமான டைரக்ட்டிவிக்கும் இடையிலானது 2024 செப்டம்பர் 1இல் தொடங்கியது. டிஸ்னிக்கும் யூடியூப் டிவிக்கும் இடையிலானது 2025 அக்டோபர் 30இலிருந்து நவம்பர் 14வரை நீடித்தது. மூன்றும் ஃபுட்பால் பருவத்தில் வந்தவை. இ.எஸ்.பி.என். மறைந்தால் சந்தாதாரர் இரண்டு வாரம்கூடத் தாங்க மாட்டார் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

கழிவு கேளுங்கள். பல நிறுவனங்கள் கேட்பவருக்கு மட்டுமே தருகின்றன. 2025 மோதலின்போது யூடியூப் டிவி 20 டாலர் கழிவு அறிவித்தது. அது போன்ற முன்னுதாரணத்தைச் சொல்லி எழுத்தில் கேட்டால் மறுப்பது கடினம். உங்கள் பகுதி அணிகள் ஆடும் எஸ்.இ.சி. கூட்டமைப்பின் ஆட்டங்கள் மட்டும் வேண்டுமென்றால், அவற்றில் முக்கியமானவை டிஸ்னியின் ஏ.பி.சி. சேனலில் வருவதால் அங்கும் ஆன்டெனா உதவும். 2025 ஆகஸ்டிலிருந்து இ.எஸ்.பி.என்.னை மாதம் 29.99 டாலருக்கு நேரடியாகவும் வாங்கலாம்.

ஆண்டுச் சந்தாவை மட்டும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். நான் ஒருமுறை தள்ளுபடியைப் பார்த்து ஆகஸ்டு மாதத்தில் ஓராண்டுக்குக் கட்டினேன். நான் பின்தொடர்ந்த அணியின் ஆட்டங்கள் அந்தப் பருவத்திலேயே வேறொரு சேவைக்குப் போய்விட்டன. பணத்தைத் திருப்பித் தர மறுத்தவர்கள் காட்டிய விதி, நான் படிக்காமல் ஒப்புக்கொண்ட பக்கத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

கேள்வி: மகனின் கடைசி ஆண்டு என்பதால் ஆட்டத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு விமானச் சீட்டு எடுத்துவிட்டோம். மாலை ஆறு மணிக்குத் திரும்பும் விமானம். இப்போது ஆட்டமே இரவில்தான் என்கிறார்கள். யார்மீது வழக்குப் போடலாம்? (அட்லாண்டா, ஜார்ஜியா)

பதில்: யார்மீதும் போட முடியாது. கல்லூரி ஆட்டங்கள் பலவற்றின் தொடக்க நேரத்தை ஒளிபரப்பு நிறுவனங்கள் 12 நாளுக்கு முன்புதான், சில வாரங்களில் 6 நாளுக்கு முன்புதான், முடிவு செய்கின்றன. எந்த ஆட்டத்தை அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பது தெரியும்வரை காத்திருக்கும் உரிமைக்கும் சேர்த்தே அவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். அட்டவணையில் நேரம் அறிவிக்கப்படவில்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகும் அன்று மாலையே திரும்பச் சீட்டு எடுத்தது உங்கள் முடிவு. திரும்பும் பயணத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் கிளெம்சன் பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள். 12 பேர் ஒரே வீட்டில் கூடிப் பார்க்கிறோம். இப்போது பார்வையாளர் எண்ணிக்கைப்படி பல்கலைக்கழகத்துக்குப் பணம் கிடைக்கிறதாமே. எங்கள் பங்குக்கு ஆளுக்கொரு சந்தா வாங்கி, தனித்தனியாகத் தொலைக்காட்சியைப் போட்டு வைக்கலாமா? (சார்லட், வட கரோலினா)

பதில்: வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். கிளெம்சனும் ஃபுளோரிடா ஸ்டேட்டும் தாம் உறுப்பினராக உள்ள ஏ.சி.சி. கூட்டமைப்போடு நடத்திய வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தன. அதன்படி தொலைக்காட்சி வருவாயில் 60 விழுக்காடு பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தும் 40 விழுக்காடு சமமாகவும் பிரிக்கப்படுகிறது. ஆனால் அந்த எண்ணிக்கை நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த மாதிரி வீடுகளிலிருந்தும், கேபிள் பெட்டிகளும் ஸ்மார்ட் டி.வி.க்களும் அனுப்பும் தரவுகளிலிருந்தும் கணிக்கப்படுகிறது. 12 சந்தாக்களால் அதில் எந்த வேறுபாடும் தெரியாது.

உங்கள் டி.வி. என்ன அனுப்புகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வீட்டாரின் ஒப்புதலின்றிப் பார்வைத் தரவுகளைத் திரட்டியதற்காக 2017இல் டி.வி. தயாரிக்கும் விசியோ நிறுவனம் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. உங்கள் டி.வி.யின் அமைப்புகளில் பார்வைத் தரவு பற்றிய பகுதியைத் திறந்து, அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: 14 ஆண்டுகளாக ஓரிகன் ஸ்டேட் அணியின் பருவச் சீட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வோர் இருக்கைக்கும் தனியாக நன்கொடையும் தருகிறேன். பழைய எதிரணிகள் எல்லாம் போய்விட்டன. புதுப்பிப்புப் படிவத்தில் தொகை மட்டும் குறையவில்லை. கட்டாமல் விட்டால் துரோகம் போலத் தோன்றுகிறது. (கோர்வாலிஸ், ஓரிகன்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 1915இல் வேரூன்றிய உங்கள் பாக்-12 கூட்டமைப்பிலிருந்து 2024இல் 12 உறுப்பினர்களில் பத்துப் பேர் வெளியேறினார்கள். ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் எஞ்சின. உங்கள் அணி மோசமாக ஆடியதால் இது நடக்கவில்லை. கோர்வாலிஸும், வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மனும் சிறிய ஊர்கள், பெரிய தொலைக்காட்சிச் சந்தை எதுவும் அவற்றின் கையில் இல்லை என்பதால் நடந்தது. ஏறத்தாழ 40 மைல் தொலைவிலுள்ள ஓரிகன் பல்கலைக்கழகம் வருவாயில் பாதியளவுப் பங்குக்கு இசைந்துகூடப் பிக் டென்னுக்குப் போனது. நவம்பர் இறுதியில் பருவத்தை நிறைவு செய்துவந்த, அந்த அணியும் உங்கள் அணியும் மோதும் ஆட்டம் 2024இல் செப்டம்பர் மாதத்துக்குப் போனது. இதில் ஏமாற்றப்பட்டவர் நீங்கள். துரோகம் என்ற சொல்லை உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பணத்தைப் பற்றி இரண்டு செய்திகள். இருக்கை வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கும் நன்கொடைக்கு முன்பு 80 விழுக்காடு வரிக்கழிவு இருந்தது. 2017இன் வரிச் சட்டம் அதை நீக்கிவிட்டது. ஆகவே நீங்கள் கொடுப்பது முழுவதும் இருக்கையின் விலைதான். அடுத்ததாக, பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் முதலியவற்றைச் சேர்த்து 2026 ஜூலையில் கூட்டமைப்பைப் புதுப்பிக்க ஏற்பாடாகியிருக்கிறது. உள்ளூரில் எந்த எதிரணிகள் வருகின்றன என்பதைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். ஓர் ஆண்டு இடைவெளி விட்டால் 14 ஆண்டு மூப்பும் இருக்கை முன்னுரிமையும் நிலைக்குமா என்று சீட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். மூப்பு நிலைக்கும் என்று பதில் வந்தால், இந்த ஆண்டு நீங்கள் விரும்பும் ஆட்டங்களுக்கு மட்டும் ஒற்றைச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து சீட்டு விற்பவர்கள் கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு 48 டாலர் என்று பார்த்துத் தொடங்கி 71 டாலர் கட்டி முடித்தவன் நான்.