பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் கரண்ட் கோளாறும் தண்ணீர் ஒழுகலும் பெரிய தொல்லையாக இருக்குமா?

இருக்கும். ஆனால் கேள்வியில் இரண்டு தொல்லைகளாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருடமாக அப்படி ஒரு காரை வைத்திருக்கிறேன். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். முதலில் தண்ணீர் இறங்கும். கரண்ட் கோளாறு ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். இந்த இடைவெளியால்தான் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கம். மழைக்குப் பேர்போன ஊர். என்னுடையது துணிக்கூரையை மடக்கித் திறக்கிற இரண்டு இருக்கைக் கார், 2003 மாடல். வார நாட்களில் ரயிலில் வேலைக்குப் போவேன், கார் சனி ஞாயிறுக்கு மட்டும். வீட்டு வாசலில் மரத்தடியில்தான் நிறுத்த இடம்.

செப்டம்பரில் வாங்கினேன், நவம்பரில் ஆரம்பித்தது. ஞாயிறு மாலை நிறுத்திய கார் அடுத்த சனிக்கிழமை ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி சுத்தமாகச் செத்திருக்கும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் புது பேட்டரி போட்டார்கள். மூன்று வாரத்தில் அதே கதை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்னார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 14.2 வோல்ட் காட்டியது. பேட்டரிக்குச் சார்ஜ் ஒழுங்காகப் போகிறது, அப்புறம் ஆல்டர்னேட்டரை எதற்கு மாற்றுவது? அந்த வாரமே ஒரு நாள் நடுராத்திரியில் அலாரம் தானாக அலறியது. இன்னொரு நாள் கதவுப் பூட்டு தானே திறந்து திறந்து மூடியது.

கார் நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்தேன். பூட்டிவிட்டு அரைமணி நேரம் விட்டால், பூட்டு, அலாரம் மாதிரியானவற்றை இயக்குகிற எலக்ட்ரானிக் பெட்டிகள் எல்லாம் தூங்கிவிட வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. எனக்குக் காட்டியது 500. 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தே நாளில் காலியாகிற கணக்கு. ஞாயிறிலிருந்து சனி வரை! இதை நீங்கள் செய்வதானால் ஒன்று கவனியுங்கள்: மல்டிமீட்டரைப் பேட்டரிக்கும் அதன் வயருக்கும் நடுவே தொடராக இணைத்திருக்கும்போது சாவியைப் போடவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கரண்ட் எந்த ஃபியூஸ் வழியே போகிறது என்று தேட, ஃபியூஸைக் கழற்றாமல் அதன் இரண்டு தலையிலும் மில்லிவோல்ட் பார்ப்பது இன்னும் நல்ல வழி. கழற்றி மாட்டினால் தூங்கின பெட்டி மறுபடி விழித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு ஃபியூஸாகப் பார்த்ததில் எனக்கு அது பூட்டு, அலாரம் ஃபியூஸில் வந்து நின்றது. அவற்றை இயக்குகிற பெட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைக் கழற்றினேன். கார்பெட் மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அதன் அடியில் இருக்கிற ஸ்பாஞ்சை அழுத்தினால் தண்ணீர் பிதுங்கி வழிந்தது. பெட்டியின் கனெக்டர் பின்களில் பச்சையாகக் களிம்பு. ஈரப் பின்கள் வழியே கரண்ட் கசிந்து, அந்தப் பெட்டியைத் தூங்கவே விடவில்லை. இருக்கையில் ஏர்பேக் இருந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே இருக்கைக்கு அடியில் இருக்கிற கனெக்டரைத் தொடுங்கள். இதில் அவசரப்படவே வேண்டாம்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? கூரைத் துணியில் ஓட்டை என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. துணிக்கூரையில் விழுகிற மழை பின்பக்கம் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு பக்கமும் குழாய் வழியாகக் காருக்கு அடியில் வடிகிற மாதிரிதான் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாய் வாயில் இலைச் சருகு மக்கிச் சேறாக அடைத்திருந்தது. வடிய வழியில்லாத தண்ணீர் உள்ளே வழிந்து, காரிலேயே தாழ்வான இடத்துக்குப் போயிருக்கிறது. பெட்டியும் அங்கேதான்.

இந்த அமைப்பு பல கார்களில் உண்டு. 1996-ல் வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரிலும் அலாரம், பூட்டுப் பெட்டி இருக்கைக்கு அடியில்தான். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் இருக்கைகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு வடிகால். அது அடைத்தால் கதவுக்குக் கீழே ஓடுகிற ‘சில்’ என்கிற தகட்டுப் பகுதி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். லோட்டஸ் எலிஸ், ஷெவர்லே கார்வெட் மாதிரி ஃபைபர் பாடி கார்களில் இன்னொரு சங்கதி: ஃபைபர் கரண்டைக் கடத்தாது. இரும்பு பாடியில் பல்பைப் பக்கத்துத் தகட்டிலேயே எர்த் பண்ணிவிடலாம், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழியாகத் தகட்டையே வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் வேண்டும். அதில் ஒரு முனை ஈரத்தில் களிம்பேறினாலும் இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கும். முதலில் எர்த் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள், பாதி விசித்திரங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

தலைகீழாகவும் நடக்கும் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. இந்தக் கார்களில் கதவுக் கண்ணாடிக்குச் சுற்றிலும் சட்டம் கிடையாது. பல மாடல்களில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் இறங்கி, மூடியதும் ஏறி ரப்பர் பீடிங்கில் அமரும். பேட்டரி தளர்ந்தாலோ கதவு ஸ்விட்ச் பழுதானாலோ அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டர் ஏறாது. அந்த இடுக்கில் மழை. இப்படிக் கரண்ட் கோளாறே தண்ணீரை உள்ளே விடும்.

ஒழுகலைத் தேட இரண்டு பேர் வேண்டும். ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நில்லுங்கள். மேலே ஆரம்பித்தால் எல்லாம் நனைந்து எதுவும் தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம். அது நல்ல பீடிங்கையும் தாண்டிவிடும். என் மகள் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடத்தில், “அப்பா, சீட்டுக்குப் பின்னாடி வருது” என்று கண்ணாடியைத் தட்டினாள். வடிகால் குழாயில் இருக்கிற அடைப்பை மெல்லிய நைலான் கயிறு விட்டுத்தான் எடுக்க வேண்டும். இரும்புக் கம்பி குழாயைக் கிழிக்கும். காற்று பம்ப் உள்ளே இணைப்பைக் கழற்றிவிடும்.

ஒழுகுகிற தண்ணீர் எல்லாம் மழை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வெயில் காலத்தில் ஏசி ஓடினபிறகு கால் வைக்கும் இடம் நனைந்தால் ஏசி வடிகால் அடைத்திருக்கும். கண்ணாடியில் பிசுபிசுப்பான பனிப்படலமும் இனிப்பு வாடையும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசிகிற கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம். அது விஷம்.

கார்பெட்டை வெளியே எடுத்துத்தான் காயவைக்க வேண்டும், உள்ளேயே விட்டால் அந்த ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் காயாது. எனக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற டீஹியூமிடிஃபையர் வைத்தே ஒன்பது நாள் ஆனது. பெட்டியைத் திறந்து ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வைத்துக் கழுவினேன், பிழைத்துக்கொண்டது. அடியில் ஒரு கட்டை கொடுத்துச் சற்று உயர்த்தி வைத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறபோது மழை நாளாகப் பார்த்துப் போங்கள். மூக்கை நம்புங்கள், பூஞ்சை வாடை பொய் சொல்லாது. கார்பெட் விளிம்பைத் தூக்கி ஸ்பாஞ்சைக் கையால் அழுத்துங்கள், டிக்கியில் ஸ்டெப்னிக் குழியைப் பாருங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் வந்துவிடுங்கள். “பேட்டரி இப்போதுதான் மாத்தினேன்” என்று அவர் சொன்னால் ஏன் மாற்றினார் என்று கேளுங்கள்.

நான் இப்போது மார்ச்சில் ஒரு தரம், இலை கொட்டி முடிந்த நவம்பரில் ஒரு தரம் வடிகால் குழாயில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். காருக்கு அடியில் உடனே சொட்டினால் சரி. போன வாரம் அளந்தேன், 30 மில்லி ஆம்பியர். கார்பெட் காய்ந்திருக்கிறது.