வெளிச்சம் குறைந்த, நீர்ச்செடி வளர்க்கும் மீன்தொட்டியின் அடித்தளத்தில் என்ன போடலாம்?

2 அடித் தொட்டி, சாதாரண எல்இடி விளக்கு, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் ஆகிய நீர்ச்செடிகளை வளர்க்க விலை உயர்ந்த அக்வா சாயில் (நீர்ச்செடிகளுக்கென்று விற்கும் சத்துள்ள மண் உருண்டைகள்) வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புது அக்வா சாயில் பெரும்பாலும் முதல் சில வாரங்கள் அம்மோனியா கசியும். மங்கிய வெளிச்சத்தில் மெதுவாக வளரும் செடிகளால் அதை உறிஞ்சித் தீர்க்க முடியாது. மீனுக்கு ஆபத்து, பாசியும் பிடிக்கும்.

1 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள, கழுவிய ஆற்று மணல் போதும். மாவு போன்ற மணல் இறுகிக்கொள்ளும், வேரைச் சுற்றி நீரோட்டம் இருக்காது. வாங்கியதும் ஒரு கைப்பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பித் தூளோ சுண்ணாம்போ இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும், தவிர்த்துவிடுங்கள். நுரைக்காத மணலை வாளியில் கலக்கிக் கலக்கி, கலங்கல் போகும்வரை அலசுங்கள்.

60×30 செ.மீ. அடிப்பரப்பில் சராசரி 5 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 14 கிலோ பிடிக்கும். முன்னால் 4, பின்னால் 6 செ.மீ. என்று சரிவாக அமைத்தால் பார்க்கவும் ஆழமாகத் தெரியும்.

உரம் முக்கியமாகத் தேவைப்படுவது கிரிப்டோகோரைனுக்குத்தான். அது வேர் வழியே நன்றாகச் சாப்பிடும் செடி. அதில் வெண்ட்டி என்ற இனம் இலங்கை ஓடைகளில் இயல்பாக வளர்வது. கிரிப்டோகோரைனின் வேரருகே, 10–15 செ.மீ. இடைவெளியில், உர மாத்திரையை அடிவரை அழுத்திப் புதையுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நட்ட புதிதில் இலைகள் கரைந்து போகலாம். பிடுங்காதீர்கள், வேரிலிருந்து துளிர்க்கும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மணலில் நடவே கூடாது. இலைகள் கிளம்பும் கிடைத்தண்டு புதைந்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுங்கள்.